சவுக்குத்தோப்பில் ஏழாம் வகுப்பு

காய்ந்த சவுக்கு இலை மணல்மேல் கனமாகப் படிந்து, அதன்மீது காலை வெயில் ஏறும்போது ஒரு வாசனை எழும்பும். உப்பும் உலர்ந்த தேயிலையும் கலந்தாற்போல, மூக்கின் உட்புறத்தில் லேசாகக் கரகரக்கிற வாசனை. கூடவே ஒரு சத்தம். காற்று சவுக்குக்குள் நுழைந்து வெளியேறும்போது, பக்கத்துத் தெருவில் மழை பிடித்துக்கொண்டு நம் தெருவை நோக்கி வருவது போலவே கேட்கும். முதல் நாள் அந்தச் சத்தம் கேட்டதும் நாங்கள் முப்பத்தெட்டுப் பேரும் புத்தகப் பைகளைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டோம். மழை வரவில்லை. விமலா டீச்சர் மட்டும், "பையக் கீழ வைங்கடி, அது மரம்" என்றார்.

எங்கள் பள்ளி, காரைக்கால் டவுனிலிருந்து காரைக்கால்மேட்டுக்குப் போகிற வழியில் இருந்தது. அந்த ஆண்டு கார்த்திகை மழை மூன்று நாள் விடாமல் கொட்டியதில் பின்கட்டுச் சுவர் ஊறி, ஏழாம் வகுப்பு அறையின் ஓட்டுக்கூரை ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது. விடுமுறை நாள் என்பதால் யாருக்கும் அடியில்லை. மற்ற வகுப்புகள் ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. மார்கழி முழுக்க வராந்தாவில் ஒடுங்கிப் பார்த்தோம்; அதற்குமேல் நாங்கள் உட்கார இடமில்லை. பள்ளிக்குப் பின்னால், வேலியில் இருந்த ஒரு இடைவெளியைத் தாண்டினால், வெளிநாட்டில் இருக்கும் யாரோ ஒருவருக்குச் சொந்தமான சவுக்குத்தோப்பு. காவல்காரரிடம் சொல்லிவிட்டு, கரும்பலகையைக் கயிற்றால் இரண்டு மரங்களுக்கு இடையில் கட்டி, எங்களை அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தார் 'பெரிய டீச்சர்' என்று நாங்கள் அழைத்த தலைமையாசிரியை. தோப்புக்கு அப்பால் மணல்மேடு. அதற்கும் அப்பால் கடல்.

சுனாமி வந்து நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் பிள்ளைகளை வைப்பதா என்று பெற்றோர்கள் முணுமுணுத்தார்கள். "ஒரே மாசந்தாங்க, கொத்தனார் வந்துட்டார்னா முடிஞ்சுடும்" என்று பெரிய டீச்சர் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒரு மாதம் தையில் தொடங்கிப் பங்குனி வரை நீண்டது. நான் இங்கே சொல்லப்போவது அந்த மூன்று மாதத்தைப் பற்றியும், அது எப்படி முடிந்தது என்பதைப் பற்றியும்தான். முடித்துவைத்தவள் நான்.

நஸீமா எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண். அவளுடைய வாப்பா குவைத்தில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். டவுனில், வாசலிலிருந்து கொல்லைவரை நீண்டு கிடக்கும் ஒரு வீட்டில் அவளும் உம்மாவும் மட்டும் இருந்தார்கள். படிப்பில் முதல் மூன்று பேருக்குள் வருவாள். ஆனால் ஓடி நான் பார்த்ததில்லை, உரக்கப் பேசிக் கேட்டதுமில்லை. வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆனதும் அவளுடைய வலதுகை மெல்ல வெள்ளைத் துப்பட்டாவுக்குள் நுழையும். காதுக்குமேல் ஓரிடத்தில் தடவி, ஒற்றை முடியைத் தேர்ந்தெடுத்து, விரலில் சுற்றி, சுண்டி இழுக்கும். பிடுங்கிய முடியை ஒரு கணம் கண்ணெதிரே பிடித்துப் பார்ப்பாள். பிறகு பெஞ்சுக்கடியில் போடுவாள். கை மறுபடி மேலே போகும். கணக்குப் பாடத்தில் அது வேகமாக நடக்கும். ஆண்டின் தொடக்கத்தில் புளியங்கொட்டை அளவுக்கு இருந்த வெற்றிடம் மழைக்காலத்துக்குள் உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது.

பின்னால் உட்கார்ந்திருந்ததால் எனக்கு மட்டும் தெரிந்தது. அவளுடைய உம்மா அதைப் 'புழுவெட்டு' என்று நினைத்து, சின்ன வெங்காயத்தை நறுக்கித் தினமும் அந்த இடத்தில் அழுத்தித் தேய்த்துவந்தார். அதனால் அவள்மேல் எப்போதும் வெங்காய வாடை அடித்தது. 'வெங்காயம்' என்றே சில பெண்கள் அவளைக் கூப்பிட்டார்கள். ஒருநாள் யாரும் இல்லாதபோது நான் கேட்டேன்: "வலிக்கலியாடி?"

அவள் வெட்கப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "பிடுங்கறப்ப வலிக்காதுடி. பிடுங்காம இருந்தாத்தான் உள்ளுக்குள்ள என்னமோ பண்ணும்" என்றாள்.

அந்த 'என்னமோ' எனக்குப் புரிந்தது. எனக்கும் ஒன்று இருந்தது. ஒவ்வொரு நாள் காலையிலும், சீருடையைப் போட்டுக்கொண்டதும், தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிழிவதுபோல வலிக்கும். அம்மா அதற்கு 'ஸ்கூல் வயித்துவலி' என்று பெயர் வைத்து, ஓமத்தண்ணி காய்ச்சிக் கொடுத்து, "போற வழியில சரியாப்போயிடும், கெளம்பு" என்பார். வழியில் சரியானதில்லை.

தோப்பு ஒன்றும் சொர்க்கம் இல்லை. எறும்பு கடித்தது. கம்பளிப்பூச்சி விழுந்து இரண்டு பேருக்குக் கழுத்தெல்லாம் தடித்தது. வெயில் ஏற ஏற நிழல் நகர்ந்துபோகும். நாங்களும் பைகளைத் தூக்கிக்கொண்டு நிழலின் பின்னாலேயே நாளைக்கு நாலு தடவை இடம் மாறுவோம். எங்கள் எல்லோரையும்விட அந்தத் தோப்பை வெறுத்தவர் விமலா டீச்சர்தான். செருப்புக்குள் மணல், புடவைக் கொசுவத்தில் மணல், சோற்றில் மணல். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, வருகைப் பதிவேட்டால் விசிறிக்கொண்டே, "எந்த ஜென்மத்துல என்ன பண்ணித் தொலைச்சேனோ" என்று வரலாறு நடத்துவார். எங்களுக்கு நல்லது செய்வதாக அவர் நினைக்கவில்லை. யாரும் அப்படி நினைக்கவில்லை. இடம் இல்லாததால் வெளியே உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான்.

அங்கே வந்தபிறகு வகுப்பின் தலையும் வாலும் இடம் மாறின. காரைக்கால்மேட்டிலிருந்து வரும் கலா என்ற பெண், அறைக்குள் எப்போதும் கடைசி பெஞ்சில் தூங்கி விழுவாள். அவளுடைய அப்பா படகில் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். பரீட்சைத் தாளில் அவளுக்கு எதுவும் தெரியாது. தோப்பில் அவளுக்கு எல்லாம் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் தூக்கி, "இப்ப கொண்டல். மத்தியானத்துக்கு மேல சோழகம் திரும்பிடும் பாருங்கடி" என்று காற்றின் பெயரைச் சொல்வாள், மத்தியானத்துக்குமேல் அது தெற்கிலிருந்து வீசும். ஈர மணலில் இருக்கும் துளையைப் பார்த்து, உள்ளே நண்டு இருக்கிறதா, வெளியே போயிருக்கிறதா என்று சொல்வாள். மணல்மேட்டில் ஊசி ஊசியாக வளர்ந்திருக்கும் 'ராவணன் மீசை'ப் புல்லின் விதைப்பந்து காற்றில் தானாக உருண்டு ஓடும். அதற்கு முன்னால் ஓடிப்போய் மறித்துப் பிடிக்கவேண்டும் என்ற விளையாட்டைக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான்.

முதல் வாரம் நஸீமாவின் கை வழக்கம்போலத் துப்பட்டாவுக்குள் போய்வந்துகொண்டிருந்தது. இரண்டாம் வாரத்தில் ஒருநாள், அஞ்சாங்கல் ஆடுவதற்காகக் கலா ஒரு மடி நிறையச் சவுக்குக் காய்களைக் கொண்டுவந்து நஸீமாவின் மடியில் கொட்டி, "முள்ளுமுள்ளா இருக்கு, தேச்சு மழுமழுன்னு ஆக்கிக் குடு. நீதான் பொறுமையா செய்வே" என்றாள். அவளுக்கு நஸீமாவின் தலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. காய்களை வழவழப்பாக்க ஆள் தேவைப்பட்டது. நஸீமா ஒவ்வொரு காயாக எடுத்து மணலில் உரசிக்கொண்டே பாடம் கேட்டாள். அன்று முழுக்க அவள் கை தலைக்குப் போகவில்லை. மறுநாள் ஒருமுறை போனது. அப்புறம் சில நாளில், கை பாதி வழி போய், எதற்கு வந்தோம் என்று மறந்ததுபோல நின்று, கீழே இறங்குவதைப் பார்த்தேன்.

மாசி நடுவில், சாப்பாட்டு இடைவேளையில், அவள் என்னை ஒரு மரத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய்த் துப்பட்டாவை விலக்கிக் காட்டினாள். வெற்றிடத்தில் கருகருவென்று முனை விட்டிருந்தது. நெரவிப் பக்கம் நடவு முடிந்த வயலைத் தூரத்திலிருந்து பார்த்தால் தெரியுமே, தண்ணீருக்குமேல் லேசான பச்சை, அப்படி, ஆனால் கறுப்பில். "தொட்டுப் பாரு" என்றாள். தொட்டேன். உள்ளங்கையில் குறுகுறுத்தது.

"உம்மா வெங்காயந்தான் வேல செஞ்சிருக்குன்னு தெரு முழுக்கச் சொல்லிட்டு இருக்காங்க" என்று சொல்லி அவள் சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். மேல்வரிசையில் ஒரு பல் திரும்பியிருந்தது.

என் வயிற்றுவலி எந்த நாளில் நின்றது என்று எனக்குத் தெரியாது. நின்ற பிறகு பல நாள் கழித்து, அடுப்பில் ஓமம் காயும் வாசனை வீட்டில் இல்லை என்பதைத்தான் கவனித்தேன். அறையில் விமலா டீச்சர் மேசைமேல் எப்போதும் இருந்த தலைவலித் தைல டப்பியும் காணாமல் போயிருந்தது. லீவு எடுப்பவர்கள் குறைந்தார்கள். வீட்டில் எல்லோரும் ஒரே புகார்தான் சொன்னார்கள்: பெண் கறுத்துப்போய்விட்டாள். "அலைஞ்சு அலைஞ்சு கருவாடாட்டம் ஆயிட்டே, நாளைக்கு எவன் கட்டுவான்?" என்று அம்மா என் முழங்கையைப் பீர்க்கங்காய் நாரால் தேய்ப்பார். ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்குத் தட்டில் இருப்பதை எல்லாம் வழித்துத் தின்றுவிட்டு, பாயைப் போட்டதும் நான் தூங்கிப்போனதைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை.

இதற்குள் நஸீமாவும் கலாவும் இணைபிரியாதவர்கள் ஆகிவிட்டார்கள். அது எப்போது நடந்தது என்றும் எனக்குத் தெரியவில்லை. முன்பெல்லாம் நஸீமா பேசினால் என்னிடம்தான் பேசுவாள். அவளுடைய ரகசியத்தை வைத்திருந்தவள் நான். இப்போது அதில் ரகசியம் என்று ஒன்றும் மிச்சமில்லை. விதைப்பந்தைத் துரத்திக்கொண்டு இருவரும் மணல்மேட்டின்மேல் ஓடும்போது, நஸீமாதான் முன்னால் போவாள்.

மணல்மேட்டைத் தாண்டக்கூடாது என்பது பெரிய டீச்சரின் கட்டளை. பங்குனி பாதியில் ஒருநாள் அவர்கள் தாண்டினார்கள். சாப்பாட்டு நேரத்தில் விமலா டீச்சர் மரத்தில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தார். "வாடி ஜெனி, காலு மட்டும் நனைச்சிட்டு ஓடியாந்துடலாம்" என்று நஸீமா என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் போகவில்லை.

எனக்குப் பயமாக இருந்தது. என் அப்பா கொம்யூன் பஞ்சாயத்தில் எழுத்தராக இருந்தார். சுனாமி வந்த வாரம் முழுவதும், கரையில் கிடத்தப்பட்டவர்களின் பெயர்களை எழுதுகிற வேலை அவருக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும் யாரிடமும் பேசாமல் கொல்லைக் கிணற்றடிக்குப் போய், வாளி வாளியாக இறைத்து ஊற்றிக்கொண்டே இருப்பார். அம்மா போய்க் கையைப் பிடித்து நிறுத்தவேண்டும். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் கடற்கரைக்குப் போனதில்லை. மீன்கூட ஒரு வருடம் வாங்கவில்லை. அந்த வீட்டில் வளர்ந்த எனக்கு, காலை நனைப்பது என்பது காலை நனைப்பதாகத் தெரியவில்லை.

மணல்மேட்டின்மேல் நின்று பார்த்தேன். இருவரும் கைகோத்து, பாவாடையை ஒரு கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். அலை வரும்போது ஒன்றாகக் குதித்தார்கள். நஸீமாவின் துப்பட்டா நழுவித் தோளில் விழுந்தது. அவள் அதை எடுத்துப் போடவில்லை. புதிதாக முளைத்த குட்டை முடி காதுக்குமேல் தனியாகச் சிலிர்த்து நின்றது. அவள் ஏதோ சொல்லிக் கத்தினாள். காற்று எதிர்ப்பக்கம் வீசியதால் எனக்குக் கேட்கவில்லை. கலாவுக்குக் கேட்டது. கலா சிரித்தாள்.

மறுநாளும் போனார்கள். அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது நான் சொன்னேன்: "அப்பா, எங்க கிளாஸ்ல நஸீமாவும் கலாவும் தெனமும் கடல்ல எறங்கறாங்க."

அவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்பதற்காகச் சொன்னதாகப் பல வருடம் எனக்கு நானே சொல்லிவந்தேன். இப்போது அந்தப் பொய்க்கு அவசியமில்லை. அவர்கள் அங்கே இல்லாமல் போகவேண்டும் என்பதற்காகத்தான் சொன்னேன்.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். அவர் முகம் மாறியது எனக்கு நினைவிருக்கிறது; கோபம் இல்லை, கிணற்றடி முகம். "எத்தினி நாளா?" என்று மட்டும் கேட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு, நேராக நஸீமாவின் வீட்டுக்குப் போனார். அங்கிருந்து இன்னும் நாலு வீடு.

மறுநாள் காலை பெரிய டீச்சர் அறைக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பெற்றோர் நின்றார்கள். நஸீமாவின் உம்மா கறுப்பு அங்கியில் ஓரமாக நின்று அழுதுகொண்டே இருந்தார். "வாப்பா ஊர்ல இல்லைங்க. ஒண்ணே ஒண்ணு. அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்னங்க பதில் சொல்லுவேன்?" என்று கேட்டார். "கட்டடம் இல்லன்னா சொல்லுங்க, புள்ளைய வீட்லயே வெச்சுக்கிறோம்" என்றார் என் அப்பா. அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. எண்ணிப் பார்த்து எழுதிய மனிதர்.

கலாவின் அம்மாவையும் வரவழைத்திருந்தார்கள். மீன்கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தவர், எல்லோரும் சொல்வதைக் கேட்டுவிட்டு, தாழ்ந்த குரலில், "எங்க வூட்டுல மூணு பேரக் கொண்டுபோன கடலுங்க அது. அதே கடல்லதான் எங்க வூட்டுக்காரரு இன்னைக்கும் போயிருக்காரு. அதப் பாக்காம நாங்க எங்கங்க போயி இருக்கறது?" என்றார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று மதியமே கரும்பலகையின் கயிறு அவிழ்க்கப்பட்டது. பள்ளியின் சைக்கிள் கொட்டகையைச் சுற்றித் தகரம் அடித்து எங்களை உள்ளே உட்காரவைத்தார்கள். கடல் பக்கம் ஒரு திறப்பு இருந்தது. கவனம் சிதறும் என்று அதற்கும் ஒரு தகரம் அடித்தார்கள். பட்டப்பகலில் ட்யூப்லைட் எரிந்தது. விமலா டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றித் தட்டி, "அப்பாடா" என்றார்.

நஸீமா எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். முதல் பாடவேளை முடிவதற்குள் அவளுடைய கை மேலே போனது. குட்டை முடியைப் பிடிக்க விரலுக்குச் சிரமமாக இருந்தது. நகத்தால் கவ்வி இழுத்தாள். அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்க எனக்கு ஒரு நொடி போதும். நான் என் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன். மூன்று மாதத்தில் முளைத்தது ஒன்பது நாளில் போய்விட்டது. நாள் கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும், ஒவ்வொரு நாளும் பின்னால் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் நாங்கள் இருவரும் தனியாக நின்றோம். பாட்டிலை நிரப்பிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "நீதானேடி சொன்னே?" என்றாள்.

"அப்பா கேட்டாங்க" என்றேன்.

"கேட்டாங்களா?"

பாட்டில் நிரம்பி வழிந்தது. அவள் குழாயை மூடினாள். "பரவால்ல. நீ சொல்லலன்னா வேற யாராச்சும் சொல்லியிருப்பாங்க. ஆனா ஒரு நாளாச்சும் எறங்கிப் பாத்துட்டு அப்புறம் சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். திட்டியிருந்தால் அழுதிருப்பேன். அவள் குரலில் திட்டே இல்லை.

கலா முழுப்பரீட்சைக்கு வரவில்லை. அடுத்த ஆண்டு பள்ளிக்கே வரவில்லை. எங்கள் வீட்டில் மறுபடியும் ஓமம் காய்ந்தது.

பத்தாம் வகுப்பில் நஸீமா பள்ளியிலேயே முதலாவதாக வந்தாள். குவைத்திலிருந்து திரும்பிவந்த அவளுடைய வாப்பா, மகளை டாக்டராக்கவேண்டும் என்று வேறு மாவட்டத்தில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார். அங்கிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் செய்தாள். எழுந்திருக்கும் நேரம், சாப்பிடும் நேரம், படிக்கும் நேரம் எல்லாவற்றையும் ஒப்பிப்பதுபோலச் சொல்லிவிட்டு, "இங்க ஜன்னல் இருக்குடி. ஆனா கண்ணாடி முழுக்கப் பேப்பர் ஒட்டி வெச்சிருக்காங்க" என்றாள். "அப்படியா?" என்றேன். பின்னால் யாரோ நேரம் முடிந்தது என்றார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பின் பாதியில் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தலையில் முடியே இல்லை; புருவமும் இல்லை. டைபாய்டு என்று உம்மா தெருவில் சொன்னார். பரீட்சை எழுதவில்லை. அப்புறம் வெளியூர் வைத்தியம், மாத்திரை, மாத்திரையால் வந்த தூக்கம், தூக்கத்தால் வந்த உடம்பு. ஒரு கல்யாணம் பேசி, பெண் பார்க்க வந்தவர்களுக்கு விஷயம் தெரிந்து, நின்றுபோனது. அதற்கடுத்த ஆண்டு வாப்பா இறந்தார்.

தோப்பிலிருந்து எழுப்பியதால்தான் அவள் இப்படி ஆனாள் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் எந்த டாக்டரும் ஒப்புக்கொள்ளமாட்டார். சின்ன வயதிலேயே அந்த நோய் அவளுக்குள் இருந்தது. தோப்பிலேயே விட்டிருந்தால் குணமாகியிருப்பாளா என்பதும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பதினேழு பதினெட்டு ஆண்டுகளாக எந்த மருந்தாலும் கீழே இறக்க முடியாத அந்தக் கை, வெட்டவெளியில், யாரும் வைத்தியம் என்று நினைக்காத ஒரு காலத்தில், தானாக இறங்கியிருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

நான் இப்போது ஊரிலேயே ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். காலை நேரத்தில் வருகிறவர்களில் பள்ளிப் பிள்ளைகள் நிறைய. தூக்கமில்லை, களைப்பு, முதுகுவலி, படபடப்பு. பதினாலு வயதுப் பெண்ணுக்கு எலும்பு வலி. ரிப்போர்ட்டில் வைட்டமின் டி குறைவு என்று அடித்துக்கொடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் என் கை ஒரு கணம் நிற்கிறது. கடலிலிருந்து எழும்புகிற சூரியன் நேராக வாசலில் விழுகிற ஊர் இது. போன வாரம் ஒரு தாய், டாக்டர் எழுதிய சீட்டைக் காட்டி, "தெனம் அரைமணி நேரம் வெயில்ல நிக்கணும்னு எழுதியிருக்காருங்க. டியூஷனுக்கே நேரம் பத்தல. இதுக்குப் பதிலா ஊசி ஏதும் இருக்கா?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எனக்கும் எட்டு வயதில் ஒரு மகன் இருக்கிறான். விடுமுறை நாளில் போனைப் பிடுங்கி வைத்துவிட்டு, "வெளிய போயி வெளையாடுடா" என்றேன். அவன் எதிர்த்துப் பேசவில்லை, நிஜமாகவே தெரியாமல், "வெளிய போயி என்னம்மா பண்றது?" என்று கேட்டான். வாசலில் நின்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

தோப்பு இப்போது இல்லை. நாங்கள் பத்தாவது படிக்கும்போதே மரங்களை வெட்டி லாரியில் ஏற்றினார்கள். மணல்மேட்டை வழித்து, அந்த மணலையே நிரவி, மனை போட்டார்கள். ராவணன் மீசை வளர்ந்த இடத்தில் மதில்சுவர்கள். வீடுகளின் கடல் பக்கத்துச் சுவரில் ஜன்னலுக்குப் பதில் ஏசி பெட்டிகள் வரிசையாக முணுமுணுக்கின்றன. பள்ளி மூன்று மாடி ஆகிவிட்டது. சீருடை அழுக்காகிறது என்று பெற்றோர் கேட்டுக்கொண்டதால் மைதானம் முழுக்கச் சிமெண்டுக் கல் பதித்துவிட்டார்கள். விமலா டீச்சர் ஓய்வு பெற்று, மகனோடு வெளியூர் போய்விட்டார். கலா நாகப்பட்டினம் பக்கம் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் நஸீமாவின் வீட்டுக்குப் போனேன். பல வருடமாகப் போகவேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்ட பயணம். நடந்தால் பத்து நிமிடம். உம்மா தளர்ந்திருந்தார். "வாங்க வாங்க, இந்தப் புள்ளையப் பாக்க யாருங்க வர்றா" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். நடு அறையில் திரை இழுத்துவிடப்பட்டிருந்தது. நஸீமா கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். தலையில் இறுக்கமாகக் கட்டிய பருத்தித் துணி. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். மகன் என்ன படிக்கிறான் என்று கேட்டாள். என் அப்பா இறந்ததற்கு வர முடியவில்லை என்று வருத்தப்பட்டாள். அவள் வார்த்தைகள் தெளிவாகவே இருந்தன. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் மட்டும் நீண்ட இடைவெளி.

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். எங்கே தொடங்குவதென்று தெரியாமல், "ஏழாவது படிக்கறப்ப சவுக்குத்தோப்புல உக்காந்திருந்தமேடி..." என்று ஆரம்பித்தேன்.

அவள் என்னையே பார்த்தாள். நெற்றி சுருங்கியது. யோசிக்கிறாள் என்று காத்திருந்தேன்.

"தோப்புலயா? நாம தகரக் கொட்டாயிலல்ல படிச்சோம்?" என்றாள்.

"அதுக்கு முன்னாடி. மூணு மாசம். நீ, நான், கலா."

"கலா..." என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, என்னைச் சங்கடப்படுத்திவிட்டோமோ என்று பயந்ததுபோல, "இருக்கும்டி. மாத்திரைல நெறைய மறந்துபோச்சு" என்றாள்.

அவளிடம் இல்லாத ஒன்றுக்காக அவளிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது? உம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலரை ஆகியிருந்தது. திரையின் ஓரத்தில் ஒரு கோடு வெளிச்சம் தரையில் விழுந்திருந்தது. ஏதாவது செய்தாகவேண்டும்போல இருந்தது எனக்கு. "நஸீமா, ஒரு எட்டு கடற்கரைக்குப் போயிட்டு வருவமா? நான் ஆட்டோ கூட்டியாறேன்" என்றேன்.

"இப்பவா? வெயிலா இருக்குமேடி."

"சரி, ஒருமணி நேரம் கழிச்சுப் போவோம். வெயில் எறங்கிடும்."

அவள் திரையின் பக்கம் முகத்தைத் திருப்பி, நிதானமாக, இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தவள்போலச் சொன்னாள்:

"அப்ப இருட்டிடும்."